நான்கு பாலினம் உள்ள குருவி உண்டா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு குருவிக்கு நான்கு பாலினம் என்று படித்தேன், குரோமோசோம்தான் காரணமாம். உண்மையா? காட்டுப் பறவையின் குரோமோசோமைப் பார்க்க அதைக் கொல்ல வேண்டுமா?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: பாலினம் இரண்டுதான், ஆணும் பெண்ணும். ஆனால் அப்படிப் பேச வைத்த சங்கதி நிஜம். வெண்தொண்டைக் குருவி என்று பெயர். கனடாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கூடு கட்டும், குளிர் வந்தால் தெற்கே இறங்கிவிடும். இதில் தலையில் பளிச்சென்று வெள்ளைக் கோடு உள்ளவை, மங்கலான பழுப்புக் கோடு உள்ளவை என்று இரண்டு வகை, இரண்டிலும் ஆணும் உண்டு பெண்ணும் உண்டு. வெள்ளைக்கோட்டு ஆண் ஓயாமல் பாடும், சண்டைக்குப் போகும், பக்கத்துக் கூட்டுப் பெட்டையையும் தேடிப்போகும். பழுப்பு ஆணோ தன் ஜோடியைவிட்டு அகலாமல் குஞ்சுகளுக்கு இரை சுமக்கும். ஜோடி சேரும்போது வெள்ளை பழுப்பைத்தான் சேரும், நூறு ஜோடியில் சுமார் 98 அப்படித்தான். ஆக, ஒரு பறவைக்கு எதிர்பாலில் பாதிப் பேர்தான் துணைக்கு ஆவார்கள், அதிலிருந்து வந்ததுதான் அந்த நான்கு பாலினப் பேச்சு.

காரணம், மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களில் 2-ஆவதில் இருக்கிறது. அதன் பெரும்பகுதி, சுமார் ஆயிரம் மரபணுக்களோடு, என்றோ தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டுவிட்டது. பழுப்புக்கு இரண்டுமே பழைய வடிவம், வெள்ளைக்கு ஒன்று பழையது, ஒன்று திரும்பியது. 1966-இல் தோர்னிகிராஃப்ட் என்ற ஆய்வாளர் இதை நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார். எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் என்னவென்றால், வெள்ளையும் வெள்ளையும் சேர்வது அபூர்வம் என்பதால் திரும்பிய குரோமோசோம் தன்னைப் போன்ற இன்னொன்றை ஒரே பறவைக்குள் சந்திப்பது அநேகமாக நடப்பதே இல்லை, துண்டுகளை மாற்றிக்கொண்டு பிழை களைய வழியில்லாமல், ஆண்களிடம் மட்டும் ஒற்றையாக இருக்கும் நம் ஒய் குரோமோசோம் போலவே பழுதுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் கிரான்பெர்ரி ஏரிப் பக்கம் எலைனா டட்டில் என்ற பறவை ஆய்வாளர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கூடு கூடாகப் பின்தொடர்ந்து சேர்த்த கணக்கு இது. 2016-இல் முடிவு வெளிவந்தது, அதே ஆண்டு அவர் காலமாகிவிட்டார். அந்தப் பொறுமைக்கு ஈடாக எதையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம், கொல்ல வேண்டியதில்லை. வெள்ளையா பழுப்பா என்று மரபணுவில் அறிய இறக்கை நரம்பில் ஒரு துளி ரத்தம் போதும். பறவையின் சிவப்பணுவில் மரபணுக்கள் இருக்கும் உட்கரு உண்டு, நம்முடையதில் கிடையாது. குரோமோசோமைக் கண்ணால் பார்க்கத்தான் பிரிந்துகொண்டிருக்கும் செல் வேண்டும். அதற்கு, வளர்ந்துகொண்டிருக்கும் இளம் இறகு ஒன்றைப் பிடுங்கி அடியிலுள்ள மெத்தென்ற கூழை எடுத்தாலும் ஆகும். அதைக் கால்சிசின் கரைசலில் போட்டால் செல் பிரியும் நடுவிலேயே நின்றுவிடும். நம் மூலனூர், தாராபுரம் பக்கம் பயிராகும் கண்வலிக்கிழங்கு, அதான் செங்காந்தள், அதன் விதையிலிருந்து எடுக்கிற அதே கால்சிசின்தான். பிறகு உப்புச்சத்து குறைந்த நீரில் செல்லை உப்பவைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்ததில் பதப்படுத்தி, கண்ணாடித் துண்டில் சொட்டுச் சொட்டாக விட்டுச் சாயம் ஏற்றுவார்கள்.

நுண்ணோக்கியில் பெரிய குரோமோசோம்கள் கொஞ்சம்தான் தெரியும், மற்றதெல்லாம் ரவை சிந்தினாற்போல் புள்ளி புள்ளியாகக் கிடக்கும். அந்தப் பெரியவற்றில் 2-ஆம் ஜோடியைத் தேடிப் பிடித்து, இரண்டுக்கும் இடுப்பு, அதாவது குரோமோசோம் ஒடுங்கித் தெரியும் இடம், ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் அது வெள்ளைக்கோட்டுப் பறவை.