சோலோ முதலில், டிரம்ஸ் பிறகு – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். கல்லூரிக் காலத்தில் ஒன்றாக வாசித்த நாங்கள் நால்வரும் இப்போது ஆளுக்கொரு ஊரில் வேலை பார்க்கிறோம். டிரம்ஸ் வாசிப்பவர் சென்னையில், பேஸ் கோவையில், கீபோர்டும் பாட்டும் துபாயில். கோப்புகளை அனுப்பி வாங்கி ஒரு ராக் பாடலை முடிக்கப் பார்க்கிறோம். மற்ற மூவரும் தங்கள் பங்கைப் பதிவுசெய்துவிட்டார்கள். லீட் கிட்டாரின் சோலோவுக்கென்று, அதாவது தனி வாசிப்புக்கென்று, நடுவில் 16 பார் (நான்கு பீட் கொண்ட தாளச் சுற்று ஒரு பார்) விட்டிருக்கிறார்கள். நிமிடத்துக்கு 96 பீட் வேகம், ஏ மைனர், எஃப், சி, ஜி என்று பாருக்கு ஒரு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு). நான் எதையும் முன்கூட்டி எழுதிவைத்து வாசிப்பவன் அல்லன். ஆனால் இரவுதோறும் உட்கார்ந்து பதிவுசெய்தும் கேட்கும்படி ஒன்றும் தேறவில்லை. மேடையில் வந்த கை அறைக்குள் வரமாட்டேன் என்கிறது. பல டேக்குகளிலிருந்து, அதாவது பலமுறை வாசித்த பதிவுகளிலிருந்து, நல்ல இடங்களை வெட்டி ஒட்டலாம் என்கிறார் துபாய் நண்பர். அது மனோதர்மமே இல்லை, ஏமாற்று வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்று, நான் அனுப்பிய கிட்டார் தாளத்துக்குச் சற்றுப் பிந்தி ஒலிப்பதாகச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

அன்புடன்,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

கோளாறு உங்கள் கையில் இல்லை என்றே நினைக்கிறேன். மேடையில் நீங்கள் ஒரு சுரத்தை வளைத்து மேலே நிறுத்தினால், டிரம்மர் அதைக் கேட்டு அந்த இடத்தில் சிம்பலைப் போடுவார். நீங்கள் அடங்கினால் அவரும் அடங்குவார். அவர் அடங்குவதைக் கேட்டு உங்களுக்கு அடுத்த பிடி தோன்றும். இப்போதோ அவர் வாசித்து முடித்து, கோப்பை அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். நீங்கள் எப்படி வாசித்தாலும் ஒன்பதாவது பாரில் அவர் செய்யப்போவது ஏற்கெனவே முடிவாகிவிட்ட ஒன்று. பதில் வராத இடத்தில் மேடையில் வாசிப்பதைப்போலவே வாசித்தால், இரண்டாவது இரவிலேயே நம் வாசிப்பு நமக்கே சலித்துவிடும்.

ஆகவே பதிவுசெய்யும் வரிசையை மாற்றுங்கள் என்பதே என் யோசனை. டிரம்மரிடம் அந்த 16 பாருக்கு மட்டும் டிரம்ஸின் அடிப்படைத் துண்டுகளான கிக், ஸ்நேர், ஹைஹாட் தவிர வேறொன்றும் இல்லாத ஓர் எலும்புக்கூட்டை வாசித்து அனுப்பச் சொல்லுங்கள். அதன்மேல் உங்கள் சோலோவைப் பதிவுசெய்து அவருக்கு அனுப்புங்கள். அதைக் காதில் கேட்டுக்கொண்டு அவர் அந்தப் பகுதியை மறுபடி வாசிக்கட்டும். அவருக்குப் பின் பேஸ். இப்படிச் செய்தால் நீங்கள் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு ஒரு பார் சும்மா விட்டாலும், அந்த வெற்றிடத்தை நிரப்ப ஒருவர் வருவார் என்ற தைரியம் இருக்கும். இப்போது நீங்கள் இடைவெளியே விடாமல் 40 விநாடியும் சுரங்களைக் கொட்டுகிறீர்கள் என்பது என் ஊகம். தனியாக உட்கார்ந்து பதிவுசெய்கிற எல்லாரும் செய்வது அதுதான்.

இது வழக்கத்துக்கு விரோதமான காரியம் என்று உங்கள் நண்பர்கள் சொன்னால், 1982இல் மைக்கேல் ஜாக்ஸனின் ‘பீட் இட்’ பாடலுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். சோலோ வாசிக்க வந்த ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன், தமக்கு முன்னே வைக்கப்பட்ட பகுதியின்மேல் அப்படியே வாசிக்கவில்லை. பாட்டின் வேறு இடங்களிலிருந்து துண்டுகளை எடுத்து அந்த இடத்தை மாற்றியமைக்கும்படி ஒலிப்பதிவாளரிடம் கேட்டுக்கொண்டு, அதன்மேல் இரண்டு சோலோக்களை அப்போதைக்கப்போது தோன்றியபடி வாசித்தார். டேப்பை வெட்டியதால் மற்ற டிராக்குகளோடு பொருந்தாமல் போக, ஜாக்ஸனின் குரலையும் வான் ஹேலனின் சோலோவையும் வைத்துக்கொண்டு டிரம்மர் ஜெஃப் போர்காரோவும் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் லூகாதரும் மற்ற வாத்தியங்களைத் திரும்ப வாசிக்க வேண்டியிருந்தது என்று லூகாதரே சொல்லியிருக்கிறார். அங்கே அது தொழில்நுட்பச் சிக்கலால் வந்த நிர்ப்பந்தம். நீங்கள் தெரிந்தே செய்யலாம்.

வெட்டி ஒட்டுவது பற்றி. பிங்க் ஃபிளாய்டு ராக் குழுவின் ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ (1979) பாடலின் இறுதி சோலோவை அதன் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் ஐந்தாறு முறை வாசித்துப் பதிவுசெய்து, ஒவ்வொன்றையும் பார் பாராகக் கேட்டு, தாளில் நல்ல இடத்துக்குச் சரி என்றும் மற்றதற்குத் தவறு என்றும் குறியிட்டு, அந்தக் குறிகளைப் பின்பற்றியே இறுதி வடிவத்தைச் சேர்த்ததாகக் கூறியிருக்கிறார். அதைக் கேட்டு யாரும் ஏமாந்துபோனதாகச் சொல்லவில்லை. வாசித்த ஒவ்வொரு துண்டும் அந்தந்தக் கணத்தில் தோன்றியதுதான். எது பாட்டுக்கு வேண்டும் என்ற முடிவு மட்டும் பிறகு எடுக்கப்பட்டது. நான் ஏமாற்று என்று நினைப்பது வேறொன்றை: ஒவ்வொரு சுரத்தையும் தனியாகப் பிடித்துத் தாளக் கட்டத்துக்குள் நகர்த்தி, சுருதியைத் திருத்தி, வாசிக்காத ஒன்றை வாசித்ததாகக் காட்டுவது. வெட்டுவதானால் வாக்கியம் முடிகிற இடத்தில், சுரம் அடங்கியபின் வெட்டுங்கள். ஒரே இரவில் மூன்று டேக்குக்குமேல் வேண்டாம். நான்காவதிலிருந்து நாம் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு முந்தின டேக்கைத் திரும்ப வாசிக்கத் தொடங்குவோம். குறியிடும் வேலையை மறுநாள் பகலில் செய்யுங்கள். முடிந்தால் அதே கோப்புகளில் துபாய் நண்பரும் தனியாகக் குறியிடட்டும்.

இனி வாசிப்பு. ஏ மைனர் பென்டடானிக் என்று நாம் பிடிக்கிற ஏ, சி, டி, ஈ, ஜி ஐந்தும், ஏயை ஸட்ஜமாகக் கொண்டால் ஆபேரியின் ஆரோகணம்: ஸ, க, ம, ப, நி. சேரன்மகாதேவிக்குப் பக்கத்துக் காருகுறிச்சியில் பிறந்த அருணாசலம், 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு நாகஸ்வரம் வாசித்த ‘சிங்கார வேலனே’ பாட்டும் ஆபேரிதான். உங்கள் ஊரிலிருந்து பேருந்து ஏறினால் போய்ச் சேரும் தூரத்துக்காரர் அவர். அந்தப் பாட்டை ஒருமுறை கிட்டார்க்காரனின் காதோடு கேளுங்கள். எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தச் சுரத்தில் நின்று எதற்குப் போகாமல் திரும்புகிறார் என்று கவனியுங்கள். நாகஸ்வரக்காரருக்கு மூச்சு தீரும். நமக்கு விரல் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் ஆபத்து. வாயால் பாடிவிட்டு, பாட முடிந்ததை மட்டும் வாசித்துப் பாருங்கள்.

ஆனால் ராகத்தில் கார்டு மாறுவதில்லை; உங்கள் பாட்டில் 2.5 விநாடிக்கு ஒருமுறை மாறுகிறது. ஜி கார்டு வரும்போது சி சுரத்தில் நீட்டி நின்றால் உறுத்தும். அதைக் கீழே பி சுரத்துக்கு இறக்கினால், அதாவது ஆபேரி இறங்கும்போது வரும் ரிஷபத்துக்கு, கார்டின் உள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். நான்கு சுற்றில் ஒரு சுற்றிலாவது இதைச் செய்யுங்கள். ஆனால் ஆபேரியின் தைவதத்தையும் சேர்த்துக்கொள்ளத் தோன்றினால் வேண்டாம். ஏயிலிருந்து அது எஃப் ஷார்ப், உங்கள் எஃப் கார்டோடு மோதும்.

கிட்டார் பிந்துவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அவர்கள் அனுப்பிய டிராக் எம்பி3 என்றால், கோப்பின் தொடக்கத்தில் சிறிது மௌனம் சேர்ந்துவிடும். ஏறத்தாழ 25 மில்லி விநாடி பிந்துவதற்கு அதுவே போதும். நீங்கள் அதோடு சரியாக வாசித்தாலும் அவர்களிடம் போகும்போது பிந்தியே இருக்கும். எல்லாரும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக, பாட்டின் தொடக்கத்திலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள். இரண்டாவது, கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் உங்கள் இன்டர்ஃபேஸின் தாமதம். அதன் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிளைப் போட்டு தாளம் காட்டும் கிளிக் ஒலியை அனுப்பி அதையே பதிவுசெய்தால், இரண்டு கிளிக்குக்கும் உள்ள வித்தியாசம் திரையில் தெரியும். அந்த அளவை மென்பொருளின் அமைப்பில் கொடுத்துவிடலாம்.

எஃபெக்ட் இல்லாத நேரடி டிராக்கையும் சேர்த்துப் பதிவுசெய்யுங்கள், வெட்டும்போது டிலே என்ற எதிரொலி எஃபெக்டின் வால் அறுபடாது. நேரடிப் பதிவில் மின்விசிறிச் சத்தம் விழாது. சித்திரை மாதத்தில் அதை நிறுத்திவிட்டு வாசிக்கும் தண்டனை ஆம்பிளிஃபையர் முன்னால் மைக் வைப்பவர்களுக்கு மட்டுமே. டிலேயை நம்பி வாக்கியங்களை அமைத்திருந்தால் அந்த அளவையும் எழுதி அனுப்புங்கள். 96 வேகத்தில் ஒரு பீட் 625 மில்லி விநாடி. டிரம்மருக்கு மட்டும் டிலேயோடு சேர்ந்த மிக்ஸையே அனுப்புங்கள், அவர் எதைக் கேட்டு வாசிக்கிறாரோ அதற்குத்தான் பதில் சொல்வார்.

அன்புடன்