நைட் ஷிஃப்ட் அசதியும் நெஞ்செரிச்சல் மாத்திரையும்

வணக்கம் சகோதரி. நைட் ஷிஃப்ட் நர்ஸ் வேலை, நெஞ்செரிச்சலுக்கு இரண்டு வருடமாகத் தினமும் பான்டோபிரசோல், எவ்வளவு தூங்கினாலும் அசதி, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேலைப்பளுதான் காரணம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள்.

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரையைத்தான் நான் முதலில் கவனிப்பேன். உணவிலுள்ள வைட்டமின் பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும். அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். இரும்புச்சத்து உடலில் சேரவும் அமிலம் உதவுகிறது. வருடக்கணக்கில் அமிலத்தை அடக்கினால் இரண்டுமே குறையலாம். குறைந்தால் இப்படி அசதியும் மூச்சு வாங்குவதும் வரலாம். நீங்கள் சைவம் வேறு. பி12 கிடைப்பதே பால், தயிரில்தான்.

அதனால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் (உடலில் சேமிப்பிலுள்ள இரும்பின் அளவைக் காட்டுவது), பி12, தைராய்டு மூன்றையும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் அடியில் கிடப்பதுண்டு. வயிற்றில் தங்கும் ஹெச் பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். அதுவும் இரும்புச்சத்தைக் குறைக்கும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சட்டென்று விட்டால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து எரிச்சல் திரும்பும். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

அப்புறம், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறீர்கள் இல்லையா? கீரை, பயறிலுள்ள இரும்பை அது சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுப்பதும் எரிச்சலைக் கூட்டும்.

மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, எடை காரணமில்லாமல் இறங்கினாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.