மார்பகக் குறைப்பு ஒப்பரேஷன்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

சத்திரசிகிச்சை விடுதியில் பல வருடம் தாதியாக இருந்தேன். இந்த ஒப்பரேஷன் செய்த பெண்களுக்குக் கட்டுப் பிரித்து மருந்து கட்டியிருக்கிறேன். அவர்கள் முதல்தடவை கண்ணாடி பார்க்கும்போது பக்கத்தில் நின்றுமிருக்கிறேன். வந்த கேள்விகளில் பாதி "பேர் போடாதேங்கோ அக்கா" என்றுதான் தொடங்கின. யாருடைய பெயரும் போடவில்லை.

24 வயது, கோண்டாவில். கழுத்தும் தோளும் ஓயாமல் நோகுது. பிரா பட்டி அழுத்தித் தோளில பள்ளம் விழுந்திட்டுது. வெயில் காலத்தில மார்புக்குக் கீழ வேர்த்துப் புண்ணாகுது. அம்மா "வடிவுக்கு ஏன் வெட்டுவான்" எண்டு பேசுறா.

தங்கச்சி, நோவு, பள்ளம், வேர்வைப் புண். வைத்தியர் முதலில் விசாரிக்கப் போவதும் இந்த மூன்றையும்தான். இது வடிவுக்காகச் செய்வதில்லை. பாரத்தை இறக்குவதற்காகச் செய்வது. ஒவ்வொரு பக்கத்திலும் சில நூறு கிராம் எடுப்பார்கள், சிலருக்கு அதைவிடக் கூடவும் எடுப்பார்கள். அந்தப் பாரத்தைக் கழுத்தும் முதுகும் இரவு பகலாகத் தூக்கிக்கொண்டிருந்தால் நோகாமல் என்ன செய்யும்? கிளினிக்குக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தோளில் இருக்கிற பள்ளத்தை வைத்தியர் தொட்டுக் காட்டினால், நீங்கள் பத்துத் தரம் சொல்லியும் விளங்காதது அம்மாவுக்கு விளங்கும்.

முதலில் ஓ.பீ.டி.யிலோ குடும்ப வைத்தியரிடமோ காட்டி, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போகக் கடிதம் வாங்குங்கள். அரசாங்க வைத்தியசாலையில் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் அவசர ஒப்பரேஷன் இல்லை என்பதால் திகதிக்குக் காத்திருக்க வேண்டி வரும். ஆண் வைத்தியர் என்றால் கூச்சமாக இருக்கும், அது எல்லோருக்கும் உள்ளதுதான். பரிசோதிக்கும்போது பெண் தாதி ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

நான் ஒரு ரீச்சர், வல்வெட்டித்துறை. தழும்பு எவ்வளவு தெரியும்? உண்மையைச் சொல்லுங்கோ.

தழும்பு வரும் ரீச்சர். அதை ஏற்க மனம் இல்லையென்றால் இந்த ஒப்பரேஷனுக்குப் போக வேண்டாம். பெரும்பாலும் முலைக்காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அதிலிருந்து கீழே ஒரு கோடு, மார்புக்கு அடியில் மடிப்போடு ஒரு கோடு. மூன்றும் சேர்ந்தால் நங்கூரம் மாதிரி இருக்கும். எடுக்க வேண்டிய அளவு குறைவென்றால் அடிக்கோடு இல்லாமலும் செய்யலாம். முதல் சில மாதம் சிவந்து, தடித்து, கடிக்கும். அந்த நேரம்தான் பலர் மனம் உடைந்து போகிறார்கள். பொறுத்திருங்கள், ஒரு வருடம் ஒன்றரை வருடத்தில் மங்கிவிடும். சட்டைக்கு வெளியே தெரியாது.

நம்முடைய நிறத் தோலில் தழும்பு தடித்துப் போகிற வாய்ப்புக் கூட. காது குத்தின இடமோ பழைய காயமோ உங்களுக்குத் தடித்திருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். காயம் ஆறின பிறகு பூச சிலிக்கோன் ஜெல் தருவார்கள். நிலைக்கோடும் அடிக்கோடும் சந்திக்கிற இடம்தான் கடைசியாக ஆறும். அங்கே கொஞ்சம் வாய் பிளந்தால் பயப்படத் தேவையில்லை. மருந்து கட்ட மூடிக்கொள்ளும்.

மானிப்பாய். கலியாணம் முடிச்சு ஒரு வருசம். பிறகு பிள்ளைக்குப் பால் குடுக்கலாமோ?

பலர் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பால் முழுதாகப் போதுமென்று யாரும் உறுதி தர முடியாது. முலைக்காம்பை முற்றாகக் கழற்றாமல், நரம்பும் இரத்தக் குழாயும் சேர்ந்த தசையோடு மேலே நகர்த்துவதுதான் வழக்கம். அதனால்தான் பால் வர வழி இருக்கிறது. மிகப் பெரிய மார்பு என்றால் சிலவேளை காம்பைக் கழற்றி ஒட்டுவார்கள், அப்போது பால் கொடுக்க முடியாது. காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். கர்ப்பத்தில் மார்பின் அளவும் மாறும். சீக்கிரம் பிள்ளை பெற எண்ணமிருந்தால் பெற்று, பால் மறக்கப் பண்ணின பிறகு செய்வது நல்லது. என் சொந்தத் தங்கைக்கும் இதைத்தான் சொல்லுவேன்.

மகளுக்கு 15 வயது, கொடிகாமம். பள்ளிக்கூடத்தில பகிடி பண்ணுறாங்களாம்.

வளர்ச்சி நிற்கும்வரை பொறுப்பதுதான் பொதுவாக நல்லது. இல்லையென்றால் செய்த பிறகும் வளரும். அதுவரை அளவான, அகலப் பட்டி உள்ள பிரா வாங்கிக் கொடுங்கள். குனிந்து நடக்கிறாளா என்று பாருங்கள். சில மாதங்களுக்குள் மளமளவென்று பெருத்தது என்றால் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

46 வயது, சீனி வருத்தம் இருக்கு. எத்தனை நாள் படுக்கையில கிடக்க வேணும்? வீட்டில வேற ஆள் இல்லை.

அக்கா, சீனி கட்டுப்பாட்டுக்கு வராமல் திகதி எடுக்காதீர்கள். காயம் ஆறாது. உங்கள் வயதில் முதலில் மமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுப்பார்கள். வெட்டி எடுத்த தசையையும் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். குடிக்கிற நாட்டு மருந்து, குளிசை ஒன்றும் விடாமல் சொல்லுங்கள்.

முழு மயக்கத்தில் இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் எடுக்கும். அடுத்த நாளே எழுந்து நடக்க வைப்பார்கள். சிலருக்கு இரத்தம் வடிய ஒரு குழாய் ஓரிரு நாள் இருக்கும். முதல் கிழமைதான் கஷ்டம். நிமிர்ந்து, தலையணை உயர்த்திப் படுக்க வேண்டும். கம்பி இல்லாத இறுக்கமான பிராவை ஆறு கிழமையளவு இரவும் பகலும் போட வேண்டும். அந்த ஆறு கிழமையும் கிணற்றில் அள்ளுவது, தேங்காய் துருவுவது, அரிசி மூட்டை, பேரப்பிள்ளையைத் தூக்குவது எல்லாவற்றுக்கும் வேறு ஆள் வேண்டும். நோவில்லாமல் பிரேக் பிடிக்க முடிகிறவரை ஸ்கூட்டியும் ஓடாதீர்கள். ஆள் ஒழுங்கு செய்யாமல் திகதி எடுக்காதீர்கள். வீடு திரும்பி மூன்றாம் நாள் உரலோடு நின்றவரின் தையல் விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

பத்தியம் என்று மீன், முட்டையை நிறுத்த வேண்டாம். காயம் ஆறப் புரதம் வேண்டும். சரக்குத் தண்ணி (மருந்துச் சரக்கு அவித்தது) குடிக்க ஆசையென்றால் வைத்தியரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகினால், காம்பு கறுத்தால், காய்ச்சலோடு சீழ் வடிந்தால், ஒரு கால் வீங்கினால், மூச்சு வாங்கினால் கிளினிக் நாள் பார்க்கக் கூடாது. இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.