குடல் ஆபரேஷனுக்குப் பிறகு கசிவு: மறுபடி வயிற்றைத் திறக்காமல் ஆறுமா?

உங்கள் அண்ணனுக்குக் குடலை இணைத்த இடத்தில் கசிவு, இன்னொரு ஆபரேஷன் இல்லாமல் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தீரலாம், ஆனால் எல்லாருக்கும் அல்ல. என் அப்பாவுக்குத் தீர்ந்தது.

அவருக்கு மலக்குடலில் புற்று. கட்டியை வெட்டி எடுத்துவிட்டு, ஆசனவாய்க்குக் கொஞ்சம் மேலே குடலை இணைத்தார்கள். அந்த இடத்து இணைப்பு கசிய வாய்ப்பு அதிகம் என்பதால், சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றின் வழியாக வெளியே எடுத்து, மலம் சேரப் பையும் வைத்தார்கள். அந்தப் பைக்காக ஆபரேஷனுக்கு முன் அப்பா போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

ஆறாம் நாள் காய்ச்சல், நாடித்துடிப்பு 120. "காத்துதான், ஒண்ணுமில்ல" என்றார். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், நம்பவில்லை. சிடி ஸ்கேனில் இணைப்புக்குப் பின்னால் சீழ் கட்டியிருந்தது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி நாங்கள் பினாங்கில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மா அழுது முடித்திருந்தார்.

டாக்டர் பார்த்தது மூன்று விஷயம்: சீழ் ஒரே இடத்தில் நிற்கிறதா, ரத்த அழுத்தம் இறங்காமல் இருக்கிறதா, வயிறு கல்லாகாமல் இருக்கிறதா. மூன்றும் சரி. வயிறு முழுக்கப் பரவியிருந்தால் அன்றிரவே ஆபரேஷன் தியேட்டர்தான் என்றார்.

ஸ்கேன் பார்த்தபடியே, மரத்துப்போக ஊசி போட்டு, புட்டத்தின் வழியாக ஒரு மெல்லிய குழாயைச் சீழுக்குள் செலுத்தினார்கள். நரம்பில் ஆன்டிபயாட்டிக். அப்புறம் காத்திருப்பு. பல நாள் அப்பா ஒருக்களித்தேதான் உட்கார்ந்தார். மலம் பைக்குப் போய்விட்டதால் கசிந்த இடத்தை அது தொடவில்லை, கஞ்சியும் குடிக்க முடிந்தது. வெறுத்த பைதான் காப்பாற்றியது.

பை இல்லாதவர்களுக்குச் சில சமயம் வாய்வழிச் சாப்பாட்டை நிறுத்தி, ரத்தக்குழாய் வழியாகச் சத்து ஏற்றுவார்கள். மலக்குடல் கசிவு என்றால், எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) வழியாகச் சீழ் இருக்கும் குழிக்குள் ஒரு ஸ்பாஞ்ச் வைத்து, அதோடு சேர்ந்த குழாயால் சீழை உறிஞ்சும் முறையும் உண்டு. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வாரக்கணக்கில் இழுக்கும்.

அண்ணனுக்குக் கசிவு எந்த இடத்தில், பை இருக்கிறதா, இந்த இரண்டையும் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். குழாய் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை, வயிறு இறுகுகிறது, மறுபடி திறக்கத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால், என் அப்பா கதையைச் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள்.