வாசகர் கேள்வி – பதில்: பனிக்காலத்தில் ஸ்ட்ரைடிங் எட்ஜ்

கேள்வி: சென்ற ஆகஸ்டில் நண்பர்கள் நால்வர் இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்னும் குறுகலான பாறை முகடு வழியாக ஹெல்வெல்லின் மலையில் ஏறி இறங்கினோம். பெரிய சிரமம் தெரியவில்லை. வரும் ஜனவரியில், பனி மூடியிருக்கும்போது அதே முகட்டில் நடக்க ஆசைப்படுகிறோம். பாதை தெரியும் என்பதால், புதிதாக என்ன தேவைப்படும்? (லெஸ்டர் வாசகர்)

பதில்: பாதை தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்குக் கவலை தருவது அந்த வரிதான். கிளென்ரிடிங் கிராமத்திலிருந்து மேலேறும் வழியில் ஆங்காங்கே கல் பாவிச் செப்பனிட்டிருக்கிறார்கள். ஆனால் ஹோல் இன் த வால் என்னும் மதில் திறப்பைத் தாண்டிச் சற்றுத் தூரம் சென்றதும் அந்தப் பராமரிப்பெல்லாம் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் கம்பியோ கைப்பிடியோ இல்லாத வெறும் பாறை. அதுவும் பல தலைமுறையினரின் காலடி பட்டு வழவழத்துப்போன பாறை. கோடையில் பெரும்பாலோர் முகட்டின் உச்சியில் நடப்பதில்லை. அதற்குச் சற்றுக் கீழே செல்லும் ஒற்றையடித் தடத்தில்தான் நடக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் சென்றிருப்பீர்கள். பனிக்காலத்தில் காற்று அள்ளிவரும் பனி அந்தத் தடத்தை நிரப்பி, மலைச்சரிவோடு சரிவாக்கிவிடும். தடம் இருந்த இடத்தில் கால் வழுக்கினால் நிற்பதற்கு இடமே இராது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரிக் காலையில் நானும் அந்த முகட்டின் தொடக்கத்தில் நின்றேன். பனி அதிகமில்லை, பாறை வெறுமனே ஈரமாக இருப்பதாகவே நினைத்தேன். கையுறையைக் கழற்றி விரலால் தொட்டபோதுதான், அது ஈரமன்று, பாறை முழுவதையும் மெல்லிய கண்ணாடிபோல் போர்த்தியிருந்த பனிக்கட்டி என்று தெரிந்தது. பாறையின் ஒவ்வொரு கீறலும் அதனூடே தெளிவாகத் தெரிந்தது. விரல் எங்கும் பிடிக்கவில்லை. அங்கிருந்தே திரும்பிவிட்டேன். திரும்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய இடமும் அதுதான், ஏனெனில் முகட்டின் நடுவில் மனம் மாறினால் முன்னே செல்வதும் பின்னே வருவதும் ஒரே அளவு கடினம்.

முகட்டின் குறுகலான பகுதியையே எல்லோரும் அஞ்சுகிறார்கள். எனக்கு அதைவிட அச்சம் தருவது முகடு முடிந்தபின் வரும் கடைசி ஏற்றம். முதலில் ஒரு பாறை இடுக்கில் கையும் காலும் ஊன்றி இறங்க வேண்டும்; பிறகு உச்சிச் சமவெளிக்குச் செங்குத்தாக ஏற வேண்டும். கோடையில் உதிரிக்கற்கள் நிறைந்திருக்கும் அந்தச் சரிவு, ஜனவரியில் உறைந்து இறுகிய பனிச்சுவராக இருக்கக்கூடும். அதன் மேல்விளிம்பில் வீட்டுக் கூரையின் இறவாரம்போல் பனி வெளியே நீண்டு தொங்குவதும் உண்டு.

ஆகவே உங்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு பனிக்கோடாரி, கிராம்பான் (பனியில் பிடிப்புக்காகக் காலணியின் அடியில் மாட்டும் உலோக முட்கள்), கிராம்பான் மாட்டத்தக்க விறைப்பான காலணி, தலைக்கவசம் ஆகியவை வேண்டும். இவற்றை வாங்குவது எளிது. வழுக்கிச் செல்லும்போது கோடாரியைப் பனியில் ஊன்றித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் பயிற்சி இல்லாதவர் கையில் அது வெறும் சுமைதான். அடிவாரத்தில் தடையில்லாத, ஆபத்தற்ற ஒரு சரிவில் தகுதிபெற்ற வழிகாட்டியிடம் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். முகடு அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.

நேரத்தையும் கணக்கிடுங்கள். ஜனவரித் தொடக்கத்தில் அங்கே மாலை 4 மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். கோடையில் உங்களுக்கு 6 மணி நேரம் பிடித்த வழி, கிராம்பானோடு அதே நேரத்தில் முடியாது.

கேள்வி: கிராம்பானுக்குப் பதில் ரப்பர் பட்டையோடு வரும் மைக்ரோஸ்பைக் போதாதா? (ஹாரோ வாசகி)

பதில்: போதாது. உறைந்த சமதளப் பாதைக்கு அது நல்ல துணை. செங்குத்தான கெட்டிப் பனியில் அதன் சிறு பற்கள் ஆழமாகப் பதியாது. பக்கவாட்டு அழுத்தத்தில் ரப்பர் நகர்ந்து காலிலிருந்து விலகவும் கூடும்.

கேள்வி: மலையின் நிலவரத்தைக் கிளம்பும் முன்பே அறிய வழி உண்டா? ஏப்ரலில் சென்றால் இந்தக் கவலைகள் இராதா? (பர்மிங்காம் வாசகர்)

பதில்: வழி உண்டு. தேசியப் பூங்கா சார்பில் டிசம்பர் முதல் வசந்தத் தொடக்கம் வரை நாள்தோறும் ஒருவர் ஹெல்வெல்லினில் ஏறி, பனியின் தன்மை, காற்றின் வேகம், வெப்பநிலை ஆகியவற்றைப் படங்களுடன் வெதர்லைன் என்னும் சேவையில் பதிகிறார். கிராமத்தின் வானிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள்: 950 மீட்டர் உயர உச்சி, ஏறத்தாழ 800 மீட்டர் கீழேயுள்ள கிளென்ரிடிங்கைவிடப் பொதுவாக 5 டிகிரி குளிராக இருக்கும், காற்றின் கடுமை தனி.

ஏப்ரலையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். 1805 ஏப்ரலில் சார்லஸ் கோஃப் என்னும் இளைஞர் தம் நாயுடன் இம்மலையைக் கடக்கப் புறப்பட்டார். மூன்று மாதம் கழித்து ரெட் டார்ன் ஏரியருகே அவர் உடல் கிடைத்தபோது, நாய் அருகிலேயே உயிரோடு இருந்தது. வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும் அந்த நாயைப் பாடினார்கள். எனக்கோ துணையின்றிப் போன அந்த இளைஞரைப் பற்றியே நினைவு வருகிறது.

உச்சியை அடைந்தபின்னும் கவனம் வேண்டும். அது எவ்வளவு தட்டையானது என்றால், 1926 டிசம்பர் 22 அன்று ஜான் லீமிங்கும் பெர்ட் ஹின்க்லரும் ஒரு விமானத்தையே அங்கே இறக்கி, மீண்டும் பறந்து சென்றார்கள். மூடுபனியில் அந்தத் தட்டைதான் சிக்கல்: தரையும் வானமும் ஒரே வெண்மையாகிவிட, கிழக்கு விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருந்தால் போதாது. பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: விபத்து நேர்ந்தால் யாரை அழைப்பது? (குரோய்டன் வாசகி)

பதில்: 999 அல்லது 112 எண்ணை அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று கேளுங்கள். வருபவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள், கட்டணம் கேட்பதில்லை. பேச்சு கேட்காத இடத்திலும் குறுஞ்செய்தி சென்றுவிடக்கூடும், ஆனால் அதற்கு உங்கள் எண்ணை முன்பே பதிந்திருக்க வேண்டும்: ஆங்கிலத்தில் ‘ரெஜிஸ்டர்’ என்று எழுதி 999க்கு அனுப்பி, வரும் பதிலின்படி செய்யுங்கள். அலைபேசி முற்றிலும் உதவாதபோது, ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மீண்டும் ஊதுங்கள். மூன்று ஊதல்கள் பதிலாகக் கேட்டால், யாரோ உங்களைக் கேட்டுவிட்டார்கள் என்று பொருள்; அவர்கள் வந்து சேரும்வரை விசிலை நிறுத்தாதீர்கள்.