வாசகர் கேள்வி பதில்: சமுதாயக் கல்லூரிக்கு மானியம் பெறுவது எப்படி?

அமெரிக்காவின் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், மானியம் தேடுவதையும் அதற்கு விண்ணப்பிப்பதையும் பற்றியவற்றை இவ்விதழுக்கு எடுத்துக்கொண்டுள்ளோம். பதில் எழுதுபவர் அத்தகைய ஒரு கல்லூரியின் மானிய அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். மதிப்பீட்டுக் குழுக்களிலும் அமர்ந்தவர்.

கேள்வி: ஒஹையோவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் இயந்திரத் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். எங்கள் பட்டறையின் சிஎன்சி லேத்துகள் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்கள்) பழையவை. மானியம் தேடும்படி டீன் சொல்லிவிட்டார். கிராண்ட்ஸ்.கவ் தளத்தில் தேடினால் நூற்றுக்கணக்கான அறிவிப்புகள் வந்து விழுகின்றன. எது எங்களுக்கு உரியது என்றே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது, ஐயா?

பதில்: தேடலைச் சில நாட்கள் தள்ளிப்போடுங்கள் என்பதே என் முதல் யோசனை. அந்தத் தளம் ஃபெடரல் அரசின் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான அறிவிப்புப் பலகை. தம் தேவை இன்னதென்று வரையறுக்காமல் அதற்குள் நுழைபவர், கண்ணில் படுகிற பணத்துக்கு ஏற்றபடி தேவையை வளைக்கத் தொடங்கிவிடுவார். முதலில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: எந்த மாணவர்கள், எத்தனை பேர், இன்று அவர்களுக்கு எது கிடைக்கவில்லை, அதனால் படித்து முடித்தபின் எந்த வேலைக்குப் போக முடியாமல் நிற்கிறார்கள், அதை மாற்ற நீங்கள் என்ன செய்வீர்கள், எவ்வளவு செலவாகும். "புதிய லேத் வேண்டும்" என்பது கடைக்காரரிடம் கொடுக்கும் சீட்டு. அதை வாங்கியபின் யாருக்கு என்ன மாறும் என்று சொல்லும்போதுதான் அது திட்டமாகிறது.

அந்தப் பக்கத்தோடு டீனிடமும் மானிய அலுவலகத்திடமும் செல்லுங்கள். இயந்திரம் வாங்குவது மட்டுமே நோக்கமென்றால், நீங்கள் நாடு முழுவதும் நடக்கும் போட்டியில் இறங்க வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். 2018-இல் புதுப்பிக்கப்பட்ட பெர்கின்ஸ் சட்டத்தின்படி, தொழிற்கல்விக்கான ஃபெடரல் பணம் ஒரு சூத்திரத்தின் அடிப்படையில் மாநிலங்களுக்குச் சென்று, அங்கிருந்து பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வருகிறது. அதைப் பெறும் கல்லூரி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் உள்ளூர்த் தேவை மதிப்பீடு ஒன்றைச் செய்தாக வேண்டும். செலவும் அந்த மதிப்பீட்டை ஒட்டியே அமைய வேண்டும். உங்கள் பட்டறையின் குறை அந்த ஆவணத்தில் ஒரு வரியாவது இடம்பெறவில்லையென்றால், பிறகு எவ்வளவு உருக்கமாகக் கேட்டாலும் பயனில்லை. அந்த மதிப்பீட்டுக்காகக் கூட்டப்படும் கூட்டங்களை ஆசிரியர்கள் பெரும்பாலும் தட்டிக்கழித்துவிடுகிறார்கள். நானும் ஆசிரியனாக இருந்தபோது தட்டிக்கழித்தவன்தான்.

இயந்திரத்தோடு நில்லாமல் பாடத்திட்டத்தையே மாற்றவும், உள்ளூர்த் தொழிற்சாலைகளோடு சேர்ந்து பயிற்சியை வடிவமைக்கவும் எண்ணினால், ஃபெடரல் அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்தும் மேம்பட்ட தொழில்நுட்பக் கல்வித் திட்டத்தைப் பாருங்கள். ஏடிஇ என்று சுருக்கமாக அழைப்பார்கள். 1992-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் வழியாகப் பிறந்த இத்திட்டத்தில், ஈராண்டுக் கல்லூரிகள் தலைமைப் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. பெரிய பல்கலைக்கழகத்தின் வாலாக ஒட்டிக்கொண்டு போகும் நிலை இங்கே இல்லை. புதிதாக வரும் கல்லூரிகளுக்கென்று தனிப் பிரிவும் இதில் இருந்துவருகிறது. அறக்கட்டளையின் தளத்தில் இதுவரை வழங்கிய மானியங்களைத் தேடிப் பார்க்கலாம். திட்டச் சுருக்கம், தொகை, தலைமை தாங்குபவரின் பெயர் ஆகிய மூன்றும் அங்கே உள்ளன. உங்கள் துறையை ஒத்த நான்கைந்தைப் படித்துவிட்டு, அவர்களில் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். முகமறியாத ஒருவருக்குத் தம் முழு விண்ணப்பத்தையுமே அனுப்பிவைத்த ஆசிரியர்களை நான் அறிவேன்.

தனியார் அறக்கட்டளைகளைப் பொறுத்தவரை, அவர்களுடைய வலைத்தளத்தைவிட வரிப் படிவமே உண்மையைச் சொல்லும். ஒவ்வொரு தனியார் அறக்கட்டளையும் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990-பிஎஃப் படிவம் பொதுமக்கள் பார்வைக்கு உரியது. யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும். "கல்விக்கு உதவுகிறோம்" என்று முகப்பில் எழுதியிருப்பவர்கள், மூன்று ஆண்டுகளாக ஒரே நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் கொடுத்துவந்திருப்பது அப்போது தெரியவரும். ஆனால் எந்த அறக்கட்டளையையும் அணுகுமுன் உங்கள் கல்லூரியின் நிதி திரட்டும் பிரிவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கல்லூரித் தலைவர் பெருந்தொகை கேட்டுப் பேசிக்கொண்டிருக்கும் அதே கதவை நீங்கள் ஐயாயிரம் டாலருக்காகத் தட்டினால், இருவருக்குமே நட்டம்.

கேள்வி: ஜார்ஜியாவில் செவிலியர் படிப்பில் ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற ஆண்டு அனுப்பிய விண்ணப்பம் "தேவை நிறுவப்படவில்லை" என்ற குறிப்போடு திரும்பியது. செவிலியர் பற்றாக்குறையை உலகமே அறியும். இதற்கு மேல் எதை நிறுவ வேண்டும்?

பதில்: நீங்கள் இணைத்திருந்த பகுதியின் முதல் வாக்கியம் இது: "செவிலியர் பற்றாக்குறை நாடெங்கும் பெரும் நெருக்கடியாக உருவெடுத்துள்ள நிலையில், எங்கள் கல்லூரி அதை எதிர்கொள்ள உறுதி பூண்டுள்ளது." வாக்கியத்தில் பிழையில்லை, அம்மா. ஆனால் அதே மேசையில் மதிப்பீட்டாளர் முன் கிடக்கும் பிற செவிலியர் விண்ணப்பங்களும் அநேகமாக இதே வாக்கியத்தோடுதான் தொடங்கியிருக்கும். நாட்டின் தேவையை அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர். உங்கள் கல்லூரியின் தேவையைத்தான் அவர் தேடுகிறார்.

எடுத்துக்காட்டுக்காக நான் கற்பனை செய்த எண்களைக் கொண்டு ஒரு பத்தியை எழுதிப் பார்க்கிறேன். "சென்ற ஆண்டு முதல் பருவத்தில் சேர்ந்த 48 பேரில் 31 பேரே அடுத்த பருவத்துக்குச் சென்றனர். விலகிய 17 பேரில் 11 பேர் மருந்தளவுக் கணக்குத் தேர்வில் தேறாதவர்கள். அத்தேர்வுக்கான துணைப் பயிற்சி பகல் நேரத்தில் மட்டுமே நடைபெறுகிறது. அந்த 11 பேரில் 9 பேர் பகலில் வேலைக்குச் செல்பவர்கள்." இதைப் படித்து முடிக்கும்போது, மாலை நேரப் பயிற்சியும் அதை நடத்த ஒரு பகுதிநேர ஆசிரியரும் வேண்டும் என்பது நீங்கள் சொல்லாமலே படிப்பவர் மனத்தில் வந்துவிடுகிறது. இந்த எண்கள் உங்கள் கல்லூரியின் தரவு ஆய்வு அலுவலகத்தில் இருக்கும். கேட்ட அன்றே கிடைக்காது, மூன்று வாரமாவது கொடுங்கள். ஒத்த கல்லூரிகளோடு ஒப்பிட வேண்டுமானால், எல்லாக் கல்லூரிகளும் கல்வித்துறைக்கு அளிக்கும் ஐபெட்ஸ் புள்ளிவிவரம் யாவருக்கும் திறந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். கல்வித்துறையின் போட்டி மானியங்களில் ஒவ்வோர் அளவுகோலுக்கும் எத்தனை மதிப்பெண் என்று அறிவிப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் மிகக் குறைந்த மதிப்பெண் உள்ள பகுதிக்கு ஆறு பக்கமும், கூடுதல் மதிப்பெண் உள்ள மதிப்பாய்வுத் திட்டத்துக்கு ஒன்றரைப் பக்கமும் ஒதுக்கியிருக்கிறீர்கள். அறிவிப்பில் உள்ள அதே தலைப்புகளை, அதே வரிசையில், அதே சொற்களில் வையுங்கள். இலக்கிய நயத்துக்காகத் தலைப்பை மாற்றினால், இரவு பதினொரு மணிக்கு ஏழாவது விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டிருப்பவர் மதிப்பெண் போட வேண்டிய இடத்தைக் காணாமல் சலித்துப்போவார். அந்தச் சலிப்பை நானும் அனுபவித்திருக்கிறேன்.

கேள்வி: நான் எழுதிய திட்டத்தில் கல்லூரி "மறைமுகச் செலவு" என்று ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இது நியாயமா? அதைக் குறைத்துக்கொண்டு, கல்லூரியும் பணம் போடுவதாகக் காட்டினால் வாய்ப்புக் கூடுமா?

பதில்: உங்கள் திட்டத்துக்குச் சம்பளப் பட்டியல் போடுபவர், கொள்முதல் செய்பவர், கட்டடத்துக்கு மின்சாரம் எல்லாம் வானத்திலிருந்து வருவதில்லை; அதற்கான பங்குதான் அது. அரசோடு பேசி முடிவுசெய்த விகிதம் இல்லாத கல்லூரி, 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, 15 சதவீதம் வரை கேட்கலாம். அதற்கு முன் அது 10 சதவீதமாக இருந்தது. எந்தத் தொகையின் மீது 15 சதவீதம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

சம்பளமும் சலுகைகளும் 1,20,000 டாலர், பொருட்களும் பயணமும் 20,000, ஒரே இயந்திரம் 60,000, பயிற்சியில் பங்கேற்போருக்கான உதவித்தொகை 25,000 என்று வையுங்கள். நேரடிச் செலவு மொத்தம் 2,25,000. கணக்கு தெரியாதவர் அதில் 15 சதவீதமாக 33,750 என்று எழுதிவிடுவார். ஆனால் பெரிய கருவிகளும் பங்கேற்போர் உதவித்தொகையும் அடிப்படைத் தொகையில் சேரா. மீதி 1,40,000 மட்டுமே அடிப்படை; அதில் 15 சதவீதம் 21,000. மேலும், கல்வித்துறை "பயிற்சி மானியம்" என்று வகைப்படுத்திய திட்டமானால் உச்ச வரம்பு 8 சதவீதம்தான். அப்போது அது 11,200 ஆகிவிடும். அறிவிப்பைப் படிக்காமல் பட்ஜெட் போடுவது வீண் வேலை என்பது இதனால்தான்.

கல்லூரியும் பணம் போடுவதாகத் தாமாக முன்வந்து எழுதுவது பழைய பழக்கம். தேசிய அறிவியல் அறக்கட்டளை அதைத் தடையே செய்துள்ளது. கேட்கப்படும் இடத்தில் மட்டும் கொடுங்கள். எழுதிக் கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் பின்னால் தணிக்கையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். ஏற்கெனவே கல்லூரி கொடுத்துவரும் சம்பளத்தை மானியத்துக்கு மாற்றிவிட்டுக் கல்லூரிப் பணத்தை மிச்சப்படுத்தும் யோசனையை யாராவது சொன்னால், பெர்கின்ஸ் பணத்தில் அது வெளிப்படையான விதிமீறல் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் வேறு கல்லூரிக்கு மாறினால் மானியத்தை என்னோடு எடுத்துச் செல்லலாமா?

பதில்: மானியம் பெறுபவர் நீங்கள் அல்லர், கல்லூரிதான். உங்களுக்குப் பதில் வேறொருவரை நியமிக்கலாம், சில சமயம் இரு கல்லூரிகளும் மானியம் வழங்கும் துறையும் இசைந்தால் மாற்றலாம். உரிமையாகக் கேட்க முடியாது.

கேள்வி: எங்கள் மாணவர்களில் ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழிப் பின்னணி கொண்ட) இனத்தவர் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டனர். இனி அத்தகைய கல்லூரிகளுக்கென உள்ள ஃபெடரல் மானியம் தானாக வருமா?

பதில்: தானாக எதுவும் வராது. அந்த 25 சதவீதம் முழுநேரத்துக்கு ஈடாகக் கணக்கிட்ட இளநிலை மாணவர் எண்ணிக்கையில் பார்க்கப்படுகிறது. தகுதிக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதன் பிறகுதான் போட்டி. அதோடு, இவ்வகைத் திட்டங்கள் பலவற்றுக்கான போட்டி நிதியை நிறுத்துவதாகக் கல்வித்துறை 2025 செப்டம்பரில் அறிவித்தது. ஆகவே இப்பணத்தை நம்பி ஒருவரை வேலைக்கு அமர்த்துவதாக இருந்தால், துறையின் அண்மை நிலையை அறிந்துகொண்டு செய்யுங்கள்.

கேள்வி: கடைசி நாளுக்கு எவ்வளவு காலம் முன்பு தொடங்க வேண்டும்?

பதில்: எழுதுவதற்கு எட்டு வாரம் போதும். கையொப்பங்களுக்குத்தான் காலம் போதாது. ஒருமுறை ஒரு விண்ணப்பத்தை நான்கு பேர் சேர்ந்து இரண்டு மாதம் செதுக்கினோம். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு அனுப்ப முயன்றபோது, ஃபெடரல் மானியம் கேட்கும் நிறுவனங்கள் பதிவுசெய்ய வேண்டிய சாம்.கவ் தளத்தில் கல்லூரியின் பதிவு காலாவதியாகியிருப்பது தெரிந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்துவந்த அலுவலர் ஓய்வுபெற்றுவிட்டார். நினைவூட்டல் கடிதங்களெல்லாம் அவருடைய மூடப்பட்ட மின்னஞ்சலுக்குச் சென்றுகொண்டிருந்தன. அந்த விண்ணப்பம் இன்றும் என் கணினியில் இருக்கிறது. எனவே முதல் நாளிலேயே பதிவின் முடிவுத் தேதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கெடு என்ற சொல்லுக்கும் இடத்துக்கு இடம் பொருள் மாறும். தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு உங்கள் கல்லூரி இருக்கும் ஊரின் நேரப்படி மாலை 5 மணி. கல்வித்துறைக்குப் பெரும்பாலும் கிழக்கு நேரப்படி நள்ளிரவுக்கு ஒரு வினாடி முன்பு; கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு அது இரவு ஒன்பது மணி. கிராண்ட்ஸ்.கவ் தளம் கோப்பைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்வது ஒன்று, சரிபார்த்து ஏற்றுக்கொண்டதாகச் சொல்வது வேறொன்று. இரண்டாவது செய்தி வரும்வரை விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாக எண்ணாதீர்கள்.

கேள்வி: நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தை மீண்டும் அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். மதிப்பீட்டாளர்களின் கருத்துகள் உங்களுக்கு வந்துசேரும். முதல்முறை படிக்கும்போது, "இவர் என் விண்ணப்பத்தைப் படிக்கவே இல்லை" என்றுதான் எவருக்கும் தோன்றும். ஒரு வாரம் கழித்து எடுத்து, அவர் காணத் தவறியதாக நீங்கள் நினைக்கும் செய்தி எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது என்று தேடுங்கள். பதினோராம் பக்கத்தின் அடிக்குறிப்பில் இருந்தால், அதை இரண்டாம் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். மானியம் வழங்கும் துறையின் திட்ட அலுவலரிடம் தொலைபேசியில் பேச நேரம் கேளுங்கள். பேசுவது அவர்கள் பணியின் ஒரு பகுதி. பிறகு புதிய ஆண்டின் அறிவிப்பை முதல் வரியிலிருந்து படியுங்கள். பழைய கோப்பையே திருத்தி அனுப்பியவர்களின் விண்ணப்பத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன ஒரு பருவத்தில் "வகுப்புகள் தொடங்கும்" என்று எழுதியிருந்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கண்டிருக்கிறேன்.