வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தினமும் 40 கிலோமீட்டர் பைக்கில் வேலைக்குச் சென்று வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்ந்த சேற்றைத் தேய்த்துக் கழுவி, டேங்க்குக்கு பாலிஷும் போட்டு முடிப்பதற்குள் மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறது. பிள்ளைகளுடன் இருக்க வேண்டிய நேரம் இதிலேயே கரைந்துவிடுகிறது. குறைந்த நேரத்தில் வண்டியைப் பளிச்சென்று வைத்துக்கொள்ள வழி உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: உண்டு; அரை மணி நேரம் போதும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் நேரத்தின் பெரும்பகுதி இரண்டு வேலைகளில் போகிறது. ஒன்று, ஊறாத சேற்றைத் தேய்ப்பது. மற்றொன்று, வாராவாரம் பாலிஷ் போடுவது. இரண்டுமே தேவையில்லை என்பதோடு, இரண்டுமே பெயின்ட்டுக்குக் கெடுதலும்கூட. காலை வெயில் விழும்போது உங்கள் டேங்க்கைச் சற்றுக் குனிந்து பாருங்கள். சிலந்தி வலையைப் போல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிந்தால், அவை மணல் ஒட்டியிருந்தபோதே துணியை வைத்துத் தேய்த்ததால் வந்தவை.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு வண்டியை நிழலில் நிறுத்துங்கள். சைலன்சரின் வாயையும் சாவித் துவாரத்தையும் பிளாஸ்டிக் பையாலோ டேப்பாலோ மூடிவிட்டு, வண்டி முழுவதையும் மேலிருந்து கீழாக நனையுங்கள். மட்கார்டின் உட்புறம், இன்ஜினின் அடிப்பகுதி, சக்கரங்கள் ஆகிய மூன்று இடங்களிலும் தண்ணீரைத் தாராளமாக விட்டு, ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் விட்டுவிடுங்கள். நீங்கள் ஒரு மணி நேரம் தேய்த்து எடுக்கும் சேற்றை, இந்த ஐந்து நிமிடத்தில் தண்ணீரே இளக்கிவிடும். அதன் பிறகு இன்னொரு முறை தண்ணீர் ஊற்றினால் மண்ணில் பெரும்பகுதி வழிந்து போய்விடும். துணி படுவது அதற்குப் பிறகுதான்.

இரண்டு பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வாகன ஷாம்பூ கலந்த தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஷாம்பூவில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்ததும், வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டு மீண்டும் ஷாம்பூவில் நனைக்க வேண்டும். இரண்டாவது பக்கெட்டின் அடியில் படியும் மணலைப் பார்த்தால், ஒரே பக்கெட்டை வைத்துக் கழுவியபோது அவ்வளவும் எங்கே போயிருக்கும் என்பது புரியும். டேங்க், ஹெட்லைட், பக்கவாட்டு பேனல்கள் என்று மேலிருந்து இறங்கி வந்து, சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் வேறு பழைய துணியைப் பயன்படுத்துங்கள். துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வேண்டாம். அவை அழுக்கோடு, பெயின்ட்டின் மேல் பூசிய மெழுகையும் சேர்த்துக் கழுவி எடுத்துவிடுவதால், அடுத்த வாரம் தூசி இன்னும் அதிகமாக ஒட்டும்.

கழுவி முடித்தவுடன் தாமதிக்காமல் மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். நம் ஊர்களில் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். தானாகக் காயட்டும் என்று விட்டால், ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுவிட்டுப் போகும், பிறகு அந்த உப்புக் கறையைப் போக்குவதற்கே தனியாக ஒரு மணி நேரம் ஆகும். வீட்டில் ஏசி இருந்தால், அதன் குழாயில் சொட்டும் தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்து வைத்து, கடைசி அலசலுக்குப் பயன்படுத்துங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வரும் தண்ணீர் என்பதால் அதில் உப்பு அநேகமாக இருக்காது. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருக்கும் என்பதால், அதை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

இனி பாலிஷ். பாலிஷ் என்பதும் மெழுகு என்பதும் ஒன்றல்ல. பாலிஷில் மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் இருக்கின்றன. அவை நிறத்தின் மேலுள்ள கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சில் சிறிதளவைச் சீவி எடுத்துத்தான் பளபளப்பைத் தருகின்றன. அந்தக் கிளியர் கோட்டின் மொத்தத் தடிமனே நம் தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு. வாராவாரம் அதைச் சீவிக்கொண்டிருந்தால் சில ஆண்டுகளில் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் பாலிஷ் வேண்டாம். மெழுகு அப்படியல்ல, அது மேலே ஒரு படலமாகப் படிந்து காக்கிறது. கார்னோபா எனப்படும் மெழுகு, பிரேசில் நாட்டின் வடகிழக்கு வறண்ட பகுதியில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் படிவது. கடும் வெயிலில் தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள அந்த மரம் சுரக்கும் மெழுகு நம் ஊர் வெயிலிலும் வண்டிக்குத் துணையாக இருப்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, கால் மணி நேரம் செலவிட்டு மெழுகு பூசுங்கள். அதன் மேல் சேறு அழுந்திப் பிடிக்காது என்பதால், பின்னர் வரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் வேலை குறையும்.

ஆனால் சீட், டயர், ஹேண்டில் கிரிப், ஃபுட்ரெஸ்ட், பிரேக் டிஸ்க் ஆகியவற்றில் மெழுகோ பளபளப்பூட்டும் திரவமோ படவே கூடாது. டயரின் ஓரம் கறுகறுவென்று மின்ன வேண்டும் என்பதற்காகப் பூசும் திரவம் சாலையைத் தொடும் பகுதிக்கு வழிந்துவிட்டால், முதல் வளைவிலேயே சறுக்கிவிடும். கழுவிய வண்டியை எடுத்ததும் மெதுவாகச் சென்று, நான்கைந்து முறை இரண்டு பிரேக்குகளையும் அழுத்தி ஈரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு 240 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று கொண்டால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செயினுக்கு லூப் (உராய்வைக் குறைக்கும் மசகு) அடிப்பது சரியாக இருக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் செயினைத் துடைக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுத் துணியைப் பிடித்தால், துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: வாட்டர் வாஷ் கடையில் கழுவிய பிறகு, துருப்பிடிக்காமல் இருக்க வண்டியின் அடிப்பகுதியில் டீசல் அடிக்கிறார்கள். இது நல்லதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டீசல் பட்ட இடம் ஒரு நாள் மின்னும்; மறுநாளிலிருந்து சாலைத் தூசியை இழுத்துப் பிடித்துக் கருப்புப் பசையாக மாறும். ரப்பர் புஷ்களையும் அது நாளடைவில் உப்பவைத்துக் கெடுத்துவிடும்; பிரேக்கில் தெறித்தால் ஆபத்து. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் என் வண்டியின் சக்கர நடுப்பகுதிக்கு மிக அருகில் வைத்து பிரஷரில் தண்ணீர் அடித்தார்கள். சில வாரங்களில் பின்சக்கரத்திலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. மெக்கானிக் பேரிங்கைக் கழற்றிக் காட்டியபோது, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காபி நிறத்தில் துருத் தண்ணீர் நின்றது. ஆகவே கடைக்குக் கொண்டுபோனால் பக்கத்திலேயே நின்று, பேரிங், செயின், சுவிட்சுகள், ரேடியேட்டர் இருந்தால் அதன் தகடுகள் ஆகியவற்றின் மேல் நேராக அடிக்காமல், தள்ளி நின்று அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகனின் பைக் பளபளப்பில்லாத மேட் கறுப்பு நிறம். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம், கறை போகவில்லை. பாலிஷ் போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பாலிஷ் போடாதீர்கள், அம்மா. மேட் பெயின்ட்டைத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் வழுவழுப்பாகி மின்னத் தொடங்கும். அதைப் பழையபடி ஆக்க முடியாது, மீண்டும் பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும். ஷாம்பூ தண்ணீரில் நனைத்த பஞ்சைக் கறையின் மேல் பத்து நிமிடம் வைத்து ஊறவிட்டு, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் சந்தனம் முழுவதும் வந்துவிடும். குங்குமத்தின் சாயம் இறங்கியிருந்தால் லேசான நிழல் தங்கலாம். அடுத்த ஆண்டு பொட்டை நம்பர் பிளேட்டின் மேலோ ஹெட்லைட் கண்ணாடியின் மேலோ வைத்து, அன்று மாலையே ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். பூமாலையின் நாரையும் நூலையும் வண்டியை எடுப்பதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். அவை சக்கரத்தில் சுற்றிக்கொள்ளக் கூடும்.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் வசிக்கிறோம். குரோம் சைலன்சரில் செந்நிறப் புள்ளிகள் வருகின்றன.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உப்புக் காற்றின் வேலைதான். சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளைச் சிறிது கசக்கித் தண்ணீரில் நனைத்து, சைலன்சர் ஆறியிருக்கும்போது மெதுவாகத் தேய்த்தால், மேலாக வந்த துரு கருஞ்சாந்தாகக் கரைந்து வரும். உடனே கழுவி, ஈரமில்லாமல் துடைத்து மெழுகு பூசுங்கள். குரோம் பூச்சுக்கு மட்டுமே இது பொருந்தும்; கறுப்பு பெயின்ட் அடித்த சைலன்சரில் செய்தால் பெயின்ட்டே உரிந்துவிடும். உங்கள் ஊரில் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் வண்டியை அலசுவதைத் தவறவிடாதீர்கள்.